“வேண்டுமென்றே”: சப்பிரகமுவத் தோட்டங்களில் ஒரு சொல்லின் வரலாறு

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பால், சிங்கராஜ வனத்தின் விளிம்பையொட்டி அமைந்தது கலவான. மழைக்குக் குறைவில்லாத மண். சரிவுகளில் இரப்பரும் தாழ்நிலத் தேயிலையும், பள்ளங்களில் வயல்கள், வயல்களைச் சூழ்ந்து சிங்களக் கிராமங்கள், தோட்டத்து லயங்களிலே தமிழ்க் குடும்பங்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் திரட்டிக் கொணர்ந்த மக்களின் வழிவந்தோர் அவர்கள். கலவானவிலிருந்து கேகாலை மாவட்டத்தின் உண்டுகொடை வரை, சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் வாழ்வு பெரும்பாலும் இவ்வாறே அமைந்தது.

அத்தோட்டங்களிலிருந்து ஒரு தொழிலாளி நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டால், அவன் முதலில் எதிர்கொண்டது மொழி. துரை முறையிடுவது ஆங்கிலத்தில்; நீதவான் குறித்துக்கொள்வது ஆங்கிலத்தில்; சட்டம் அச்சிடப்பட்டிருப்பதும் ஆங்கிலத்தில். கூண்டில் நிற்பவனுக்கு எட்டுவது, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வாயிலிருந்து வரும் தமிழ் மட்டுமே. “வேலைக்கு வரவில்லை” என்பது அவனுக்கு விளங்கும். அதனை அவன் மறுப்பதும் அரிது. ஆனால் “வேண்டுமென்றே வரவில்லை” என்று ஒரு சொல் முன்னே சேர்ந்தால், வராமை குற்றமாக மாறிவிடும். ஒரு மனிதன் செய்ததை வினைச்சொல் கூறுகிறது. அவன் எந்த மனத்தோடு செய்தான் என்பதை வினையடை கூறுகிறது. சிறைக்கும் விடுதலைக்கும் இடையே நின்றது பெரும்பாலும் இந்த வினையடையே.

தீய மனத்தைக் குறிக்கும் வினையடைகள் ஆங்கிலத்தில் ஏராளம். மலிஷஸ்லி, குரூயலி, வாண்டன்லி, மாலிக்னன்ட்லி, வில்புலி என அவை விரியும். ஒவ்வொன்றன் பிறப்பும் சுவையுடையது. மலிஷஸ்லி என்பதன் வேர், ‘தீய’ என்று பொருள்படும் மாலுஸ் என்னும் இலத்தீன் சொல். மாலிக்னன்ட்லி என்பது பிறப்பிலேயே தீமை பொருந்திய தன்மையைச் சுட்டுவது. வாண்டன் என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில், வளர்ப்புச் சரியில்லாதவன், அடக்கிப் பழக்கப்படாதவன் என்று பொருள்பட்டது. தறுதலை என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு அது வெகு அண்மையானது. குரூயலி என்பது இலத்தீனில் பச்சை இறைச்சியையும் சிந்திய குருதியையும் குறிக்கும் சொற்களோடு உறவுடையது.

தமிழ் வேறு வழியில் நடந்தது. கொடுமை என்னும் சொல்லின் அடியாகிய ‘கொடு’ என்பது வளைவு. நிமிர்ந்திருக்க வேண்டியது கோணிவிட்டது என்பதே கொடுமையின் முதற்பொருள். நேரிய ஆட்சியைச் செங்கோல் என்றும், கோணிய ஆட்சியைக் கொடுங்கோல் என்றும் வழங்கியது அதனாலேயே. இரக்கமின்மையைத் தமிழர் கண்ணில் கண்டனர். இரக்கம் கண்ணோட்டம், இரக்கமின்மை வன்கண்மை. ஆங்கிலேயர் கொடுமையிலே குருதியைக் கண்டனர் என்றும், தமிழர் கோணலைக் கண்டனர் என்றும் சொல்லலாம். எது மேல் என்று வாதிடுவது வீண்வேலை. ஆயினும் இவ்விரு மொழிகளும் ஒரு நீதிமன்றத்தில் சந்தித்தபோது, கூண்டில் நின்றவனுக்கு அந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக இருக்கவில்லை.

இங்கிலாந்தில் இத்தகைய வினையடைகளுக்கு மந்திரச் சொற்களுக்குரிய மதிப்பே இருந்தது. பழைய குற்றப்பத்திரங்களில் உரிய இடத்தில் உரிய சொல் விடுபட்டுப் போனால், பெருங்குற்றத்துக்கான வழக்கே நிலைகுலையும். கொலைக்கு ஒரு சொல், களவுக்கு ஒரு சொல், இரவில் வீடு புகுதலுக்கு ஒரு சொல் என வகுத்து வைத்திருந்தனர். 1861 ஆம் ஆண்டில் உடற்கேடுகள் பற்றிய சட்டம் தொகுக்கப்பட்டபோதும், காயம் விளைத்தல் என்னும் குற்றத்தோடு மலிஷஸ்லி என்பது ஒட்டிக்கொண்டே வந்தது. அச்சொல்லுக்குப் பொருள் என்ன என்ற வினா நெடுங்காலம் தொடர்ந்தது. 1957 ஆம் ஆண்டில் ஒரு வழக்கு வந்தது. ஒருவன் காசைத் திருடுவதற்காக ஒரு வீட்டு நிலவறையிலிருந்த எரிவாயு அளவியைப் பிடுங்கினான்; கசிந்த வாயு சுவரைக் கடந்து அடுத்த வீட்டுப் பெண்ணின் மூச்சைத் திணறடித்தது. மலிஷஸ்லி என்றால் தீயகுணத்தோடு என்றுதான் பொருள் என விசாரணை நீதிபதி யூரிமாருக்கு எடுத்துரைத்திருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கெட்டவன் என்பது போதாது. அந்தக் கேட்டை அவன் கருதியிருக்க வேண்டும், அல்லது அது நேரலாம் என்று கண்டும் துணிந்திருக்க வேண்டும் என்று கூறித் தண்டனையை நீக்கியது.

இந்தத் தடுமாற்றத்தை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டு கொண்டவர் மெக்காலே. தமிழருக்கு அவர் பெயர் ஆங்கிலக் கல்வியைப் புகுத்தியவர் என்ற அளவில்தான் பெரிதும் அறிமுகம். அவரது மற்றொரு பெரும்பணி, இந்தியத் தண்டனைச் சட்டக் கோவையின் வரைவு. 1837 ஆம் ஆண்டில் வரையப்பட்டு, பலர் கைபட்டு, 1860 ஆம் ஆண்டில் சட்டமாகி, 1862 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது அது. பழைய வினையடைகளைக் கோவை முற்றாக ஒழித்துவிடவில்லை. கலகத்தைத் தூண்டும் செயலைப் பற்றிய பிரிவில் மாலிக்னன்ட்லி, வாண்டன்லி என்னும் இரண்டும் உண்டு. நீதிவிசாரணையில் முறைகேடு செய்யும் அரசு ஊழியரைப் பற்றிய பிரிவில் மலிஷஸ்லியும் உண்டு. ஆயினும் காயம் முதலான குற்றங்களில் வெறுப்பையும் வன்மத்தையும் அளந்துகொண்டிராமல், வாலண்டரிலி என்னும் சொல்லைக் கோவை ஆண்டது. ஆண்டதோடு நில்லாது, அதற்கு இலக்கணமும் வகுத்தது. ஒருவன் ஒரு விளைவை விரும்பிச் செய்தாலும், அல்லது அது விளையக்கூடும் என்று அறிந்தே செய்தாலும், அவன் அதனை வாலண்டரிலி செய்தவனாவான். கோவை தரும் எடுத்துக்காட்டு தெளிவானது. கொள்ளையடிப்பதை எளிதாக்குவதற்காக இரவிலே மக்கள் வாழும் வீட்டுக்கு ஒருவன் தீ வைக்கிறான். உள்ளே ஓர் உயிர் போகிறது. அவ்வுயிரை மாய்க்க அவன் கருதவில்லை. போனதற்காக வருந்தவும் கூடும். ஆயினும் போகக்கூடும் என்பதை அறிந்திருந்தான் என்றால், அது அவன் செய்த சாவே.

தமிழில் இவ்விரு மனநிலைகளுக்கும் படிக்காத பாமரரும் ஆளும் இரு சொற்கள் உள்ளன. தெரிந்தே செய்தல் ஒன்று; வேண்டுமென்றே செய்தல் மற்றொன்று. வேண்டும் என்று செய்தவன் அந்த விளைவை நாடினான். தெரிந்து செய்தவன் நாடாமலும் இருக்கலாம். நேரும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். வட்டிக்குக் கடன் வாங்குகின்ற குடியானவன் கடன் பெருகும் என்பதைத் தெரிந்தே வாங்குகிறான். பெருக வேண்டுமென்று வாங்குவதில்லை. இந்தியக் கோவையைத் தழுவி இலங்கைக்கு 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகத் தண்டனைச் சட்டக் கோவை இயற்றப்பெற்று, 1885 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, இந்த வேற்றுமையும் அதனுள்ளே இருந்தது.

ஆனால் தோட்டத் தொழிலாளியை அந்நாளில் கூண்டில் ஏற்றியது பெரும்பாலும் அந்தக் கோவையன்று. 1841 ஆம் ஆண்டின் ஊழிய ஒப்பந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அவன் தலைமேல் தொங்கியது. தக்க காரணமின்றி வேலைக்கு வராமை, அனுமதியின்றி வேலையை விட்டகலுதல், குடிவெறி, துடுக்குத்தனம், வேண்டுமென்றே கட்டளையை மீறுதல் ஆகியவை அதன்படி குற்றங்கள். தண்டனை, கூலியை இழத்தலும் மூன்று மாதம் வரை சிறையும், கடூழியமும் விதிக்கலாம். தக்க காரணம் எது, துடுக்கு எது, வேண்டுமென்றே எது என்பவற்றுக்கு அச்சட்டம் மெக்காலேயைப்போல எடுத்துக்காட்டுகள் தரவில்லை. காய்ச்சலில் கிடந்து பெரட்டுக்கு வராதவனும், பிள்ளைக்கு நோய் என்று லயத்திலே தங்கியவளும், பற்றுக்குறிப்பில் கணக்கு ஏன் ஏறியது என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டவனும் இந்தச் சொற்களுக்குள் அகப்படக்கூடும். அவர்களின் மனத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டியவர் துரையே.

இவ்விடத்தில் ஓர் ஒப்புநோக்கைத் தவிர்க்க இயலாது. குரூயலி, அதாவது கொடூரமாக, என்னும் வினையடை இங்கிலாந்தின் 1849 ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் சிறப்பிடம் பெற்றது. அது விலங்குகளைக் கொடூரமாக அடித்தலையும் அளவுக்கு மீறி ஓட்டுதலையும் தடுத்த சட்டம். இலங்கையிலும் 1907 ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடைச் சட்டம் ஏற்பட்டது. வண்டி மாட்டைக் காக்க வந்தது நல்ல சட்டமே. அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் அதே ஆண்டில், அந்த வண்டி ஏற்றிச் சென்ற தேயிலையைப் பறித்தவள் வேலைக்கு வராவிட்டால் சிறைக்குப் போகலாம் என்ற சட்டமும் நடைமுறையில் இருந்தது. மாட்டின் பொருட்டு அடித்தவனின் மனத்தை ஆராய்ந்தது சட்டம். தொழிலாளியின் பொருட்டு அடிபட்டவனின் மனத்தை ஆராய்ந்தது.

இதற்கு எதிராகச் சட்டமறிந்தவர்களிடமிருந்தே குரல் எழுந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்து, மாவட்ட நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் கடமையாற்றியவர். 1901 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்தியவர். ஓய்வுபெற்றபின் 1915 ஆம் ஆண்டில் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 ஆம் ஆண்டில் தொழிலாளர் நலன் காக்கும் சங்கத்தையும் அமைத்தார். கூலி பற்றிய பிணக்குக்கு உழைப்பாளியைச் சிறையிடும் சட்டத்தை நீக்கவேண்டும் என்பது அவரது இடைவிடாத கோரிக்கை. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. துண்டு என்பது, இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு. மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய காகிதம். அக்காலத்திலேயே இந்தியத் தொழிலாளர்மீது செலுத்தப்பட்ட சிறைத்தண்டனை விதிகளும் அகன்றன. பின்னர் கோ. நடேசையர் தம் பத்திரிகைகளாலும், 1931 ஆம் ஆண்டில் தோற்றுவித்த தொழிற்சங்கத்தாலும் தோட்டத்து மக்களுக்குச் சட்டத்தை அவர்கள் மொழியிலேயே எடுத்துரைத்தார். கூண்டிலே நிற்பவன் தன்மீது சாட்டப்பட்டதன் பொருளை அறியத் தொடங்கியது அப்போதுதான் எனலாம்.

வேலைக்கு வராமை குற்றமல்லாது போனபின், வேறொன்று குற்றமாக எழுந்தது. அது, போகாமை.

1946 ஆம் ஆண்டு. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்று துரைமாரும் உருளவள்ளி என்று தொழிலாளரும் அழைத்த தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நிலமற்ற கிராமத்தவருக்கு நிலம் வேண்டும் என்பது நியாயமான தேவையே. தோட்டங்கள் தம்மைச் சூழ்ந்து நெருக்கிய கிராமங்களின் முறையீடு கலவானப் பகுதியிலும் கேட்கப்பட்டதுதான். ஆனால் தோட்டத்திலேயே பிறந்து, வேறு வீடு அறியாத தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கி, லயங்களைக் காலி செய்யுமாறு அறிவித்தபோது அவர்கள் போகவில்லை. போவதற்கு இடமில்லை. இலங்கை இந்தியர் காங்கிரசின் ஆதரவோடு மாவட்டத்தின் தோட்டங்களிலே வேலைநிறுத்தம் மூண்டது. லயங்களில் தங்கியோர்மீது, தண்டனைச் சட்டக் கோவையின்படி, குற்றமுறை அத்துமீறல் என்ற குற்றம் சாட்டப்பட்டது.

அந்தக் குற்றத்தின் இலக்கணம் 427 ஆம் பிரிவில் உள்ளது. பிறர் வசமுள்ள நிலத்தில் ஒருவன் புகுவதோ, முறைப்படி புகுந்தபின் முறையின்றித் தங்குவதோ மட்டும் குற்றமாகிவிடாது. குற்றமொன்று செய்யவோ, அல்லது நிலத்தை வசமாகக் கொண்டவரை அச்சுறுத்தவோ, இழிவுபடுத்தவோ, எரிச்சலூட்டவோ கருதியிருக்க வேண்டும். இந்தக் கருத்தே குற்றத்தின் உயிர். நீதவான் நீதிமன்றத்தில், எரிச்சலூட்டும் கருத்து இருந்ததாகக் கொள்ளப்பட்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. வெளியேறச் சொல்லியும் வெளியேறாதவன், சொன்னவருக்கு எரிச்சல் விளையும் என்பதை அறியாதவனா என்ற வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் வலிமை வாய்ந்ததே.

உயர் நீதிமன்றம் தொழிலாளியை விடுவித்தது. முடியின் சார்பில் இலண்டன் கோமறைக் கழகத்துக்கு மேல்முறையீடு சென்றது. ஒரு லயத்து அறையில் ஒரு கூலித்தொழிலாளி தங்கியதற்கு என்ன பொருள் என்பதைப் பேரரசின் தலைசிறந்த நீதிபதிகள் அமர்ந்து ஆராய்ந்தனர். 1950 ஆம் ஆண்டில் அவர்கள் தந்த தீர்ப்பு, மெக்காலே பிரித்து வைத்த அந்த இரண்டு மனநிலைகளையே மீண்டும் பிரித்துக் காட்டியது. எரிச்சல் விளையும் என்று அறிந்திருப்பது வேறு. எரிச்சலை விளைக்கக் கருதுவது வேறு. எல்லாவற்றுக்கும் மேலோங்கி நின்ற உண்மையான கருத்து எது என்பதையே காணவேண்டும். தனது இல்லத்தை இழக்காதிருப்பதே இத்தொழிலாளியின் கருத்து, துரைக்கு எரிச்சலூட்டுவதன்று. அங்கே தங்குவதற்கு அவனுக்குச் சட்டப்படி உரிமை இல்லாது போயிருக்கலாம்; அதனால் மட்டும் அவன் குற்றவாளியாகான். முடியின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

அந்தப் பிரிவை வரைந்தோர், காயம் பற்றிய பிரிவுகளில் ஆண்டதுபோல வாலண்டரிலி என்னும் வினையடையை இங்கும் ஆண்டிருந்தால், அத்தொழிலாளி சிறைக்குச் சென்றிருப்பான். அச்சொல்லுக்குக் கோவை தந்த இலக்கணப்படி, அறிதலே போதுமானது. எரிச்சல் விளையும் என்று அவன் அறிந்துதான் இருந்தான். தெரிந்தே தங்கினான், எரிச்சலூட்ட வேண்டுமென்று தங்கவில்லை. லயத்திலே வாழ்ந்த எந்தக் கிழவியும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக்கூடிய இந்த வேறுபாடு, இலண்டன் வரை சென்று திரும்பவேண்டியிருந்தது. தோட்ட நிருவாகங்களுக்கு இத்தீர்ப்பு உவப்பாக இருந்திராது. வேலை நீக்கம் செய்த கையோடு பொலிசை அழைத்து லயத்தைக் காலி செய்விக்கும் எளிய வழி அடைபட்டது. உரிமை வழக்காகக் குடியியல் நீதிமன்றத்தில் தொடர வேண்டியதாயிற்று.

இதே சப்பிரகமுவ மாகாணத்திலிருந்து, இதே கோமறைக் கழகத்துக்கு, மூன்றே ஆண்டுகளில் இன்னொரு வழக்குச் சென்றது. இம்முறை மனம் ஆராயப்பட்டது தொழிலாளியினுடையதன்று, நாடாளுமன்றத்தினுடையது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வழிவழிப் பிறப்பை அளவுகோலாக வைத்தது. இலங்கையிலே பிறந்தவனாயினும், தந்தையும் இங்கே பிறந்தவர் என்று நிறுவவேண்டும். பிறப்புப் பதிவுத் துண்டுகளைப் பேணாத லயத்து மக்களுக்கு அது அரிதான காரியம். 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் குடிகளாகாதோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியின் பட்டியலில் இடம் மறுக்கப்பட்ட கோடாகன் பிள்ளை வழக்காடினார். எந்த ஒரு சமூகத்தவருக்கும் மற்றையோர்க்கில்லாத தடைகளை விதிக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்று அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கூறியது. இச்சட்டங்கள் அதனை மீறுகின்றன என்பது அவர் தரப்பு. சட்டத்தின் சொற்களில் இந்தியத் தமிழர் என்ற பெயர் எங்கும் இல்லை. ஆயினும் விளைவு யாரைச் சாரும் என்பதை இயற்றியோர் அறிந்தே இருந்தனர். அப்படியானால் அவர்கள் கருத்தும் அதுதானா?

1953 ஆம் ஆண்டில் கோமறைக் கழகம் அவரது மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. நேரே சொல்லாமல் மறைமுகமாக ஒரு சமூகத்தைத் தாக்கும் சட்டம் இருத்தல்கூடும் என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆனால் இச்சட்டங்களில் அது நிறுவப்படவில்லை. குடிகள் யாவர் என வரையறுப்பது சட்டமியற்றும் மன்றத்தின் இயல்பான உரிமை. இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர்க்கெனத் தனிச் சட்டமும் 1949 இல் இயற்றப்பட்டுள்ளது என்றனர். விளைவை அறிந்திருப்பது வேறு, அதனைக் கருதுவது வேறு என்னும் வேறுபாடே இங்கும் நின்றது. நேவ்ஸ்மயர்த் தொழிலாளியைக் காத்த அதே வேறுபாடு, ருவான்வெல்லையிலே அவனது வாக்கைப் பறித்தவர்களைக் காத்தது.

லயத்து அறையில் தங்கியதால் மட்டும் ஒருவன் குற்றவாளியாகான் என்று 1950 இல் தீர்ந்தது. அந்த அறையில் வாழ்பவனை நாட்டின் குடியாக ஏற்கவேண்டியதில்லை என்று 1953 இல் தீர்ந்தது. கலவானவிலும் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டத்து மக்கள் இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையிலேயே வாழ்ந்தனர். பலர் 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி கப்பலேறினர். எஞ்சியோரில் அந்த நாள்முதல் இந்நாட்டிலேயே வாழ்ந்து வந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிய சட்டம், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது.